வாய் திறக்காத வாசகரை நீக்க வேண்டாம்: செயலவைக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் மாதந்தோறும் கூடும் நம் வாசகர் வட்டத்தின் தலைவர், செயலாளர், செயலவை உறுப்பினர்கள் ஆகியோருக்கு,

சென்ற மாதச் சந்திப்பு முடிந்து படியிறங்கும்போது எங்கள் கைகளில் கொடுக்கப்பட்ட சுற்றறிக்கையை நான் ஃபெரியில் உட்கார்ந்துதான் பிரித்துப் படித்தேன். தொடர்ந்து மூன்று சந்திப்புகளில் எந்தக் கருத்தும் சொல்லாதவர்களும், படித்த நூலைப் பற்றி மாதம் ஒரு முறை நூறு சொல்லுக்குக் குறையாமல் விமர்சனம் எழுதித் தராதவர்களும் ‘செயல்படாத உறுப்பினர்கள்’ எனக் கருதப்படுவார்கள் என்றும், ஜூலை முதல் நாளோடு அவர்களுடைய உறுப்பியம் நீக்கப்படும் என்றும், அதன்பின் அவர்களுக்கு இரவல் நூல் வழங்கப்பட மாட்டாது என்றும் அதில் கண்டிருந்தது. அடியில் 17 பெயர்கள் இருந்தன. ஆறாவது பெயர் என்னுடையது.

இந்த முடிவை நான் ஏற்கவில்லை. பதினான்கு ஆண்டுகளாகப் பேசாமல் இருந்தவள் இப்போது இத்தனை பக்கம் எழுதுகிறாளே, விதி வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று உங்களுள் சிலர் சிரிக்கக்கூடும், சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் என் பெயரை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் போதும் என்று யாரும் சமாதானம் பேச வர வேண்டாம். நான் 17 பேருக்காகவும் எழுதுகிறேன்.

நான் பாயான் லெப்பாஸில் உள்ள மின்னியல் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவள். தொழிற்சாலைப் பேருந்து பினாங்குப் பாலத்தைக் கடந்து போய்வரும் நேரந்தான் எனக்கு வாய்த்த படிப்பு நேரம். இரவு வேலை முடிந்து திரும்பும்போது உடன் வந்த பெண்கள் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்குவார்கள். நான் கடல்மேல் விடிகிற வெளிச்சத்துக்குப் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு படிப்பேன். வட்டத்தில் சேர்ந்த பிறகு அப்படிப் படித்தவை பெரும்பாலும் நம் அலமாரி நூல்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி, லெபோ பாசாரில் பாட்டுச் சத்தத்துக்கும் பூக்கடைகளுக்கும் நடுவே நடந்து, மாடிப்படி ஏறி, மூன்றாம் வரிசையில் சன்னலோரம் உட்கார்வேன். பேசுகிறவர்கள் சொல்வதைக் கேட்பேன். பதிவேட்டில் கையெழுத்திட்டுப் புதிய நூல் ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்புவேன். சென்ற மாதம் மேடையில், “தே குடித்துப் பசியாறிவிட்டுப் போவதற்கென்றே சிலர் வருகிறார்கள்” என்று சொல்லப்பட்டது. எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நான் அங்கே எதையும் தொடுவதில்லை.

பதினான்கு ஆண்டுகளில் ஒரே ஒரு முறை நான் பேசினேன். ரப்பர்த் தோட்டத்தைக் களமாகக் கொண்ட நாவல் ஒன்று அன்று எடுத்துக்கொள்ளப்பட்டது. அதில் ஒரு பெண் உச்சிவெயிலில் பால்மரம் வெட்டப் போகிறாள். பட்டையில் வெட்டிய கோட்டிலிருந்து பால் குபுகுபுவென்று வழிகிறது. என் அம்மா பால்மரம் வெட்டியவர். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு போவார். ஏனென்றால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் மட்டுப்பட்டுவிடும். பகல் ஏறுவதற்குள் வெட்டி முடித்து, பிறகு வாளியோடு பாலெடுக்கப் போவதுதான் வழக்கம். மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் அன்றைக்கு வெட்டே கிடையாது, சம்பளமும் குறையும். இதைச் சொல்லி, ஆசிரியர் அந்த இடத்தை எப்படி எழுதியிருக்கலாம் என்று கேட்க எழுந்தேன். ‘பழக்கம்’ என்ற சொல்லை நான் ‘பளக்கம்’ என்று உச்சரித்தபோது முன்வரிசையிலிருந்து ஒருவர் என்னை நிறுத்தி, ழகரத்தை மூன்று முறை சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். பிறகு நெறியாளர், “இலக்கியத்தில் கடிகாரம் பார்க்கக் கூடாதம்மா” என்று முடித்துவைத்தார். நான் உட்கார்ந்தேன். அது நடந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அன்றைக்கு முன்வரிசையில் இருந்தவர்களுள் இருவர் இன்று செயலவையில் இருக்கிறார்கள். பேசாதவர்களைப் பற்றி விதி எழுதும் முன், பேசியவர்களுக்கு என்ன நடந்தது என்று வட்டத்தின் பழைய குறிப்பேடுகளையாவது புரட்டிப் பார்த்திருக்கலாம்.

மற்றவர்களுக்கும் அவரவர் காரணங்கள் உண்டு. பெயர் சொல்லாமல் இருவரைக் குறிப்பிடுகிறேன். ஒருவர் கொள்கலன் லாரி ஓட்டுபவர். துறைமுக வாசலில் லாரிகள் வரிசை பிடித்து நிற்கும்போது இயக்கத்தை நிறுத்திவிட்டுப் படிப்பார். அவர் திருப்பித் தரும் நூல்களில் லேசாக டீசல் வாடை இருக்கும். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட அவர், பல்கலைக்கழகம் போய்வந்தவர்கள் முன்னால் எழுந்து பேசக் கூசுகிறார். இன்னொருவர் இளைஞர். தேசியப் பள்ளியில் படித்தவர். பள்ளியில் தாய்மொழி வகுப்பாக வாரத்தில் ஓரிரு மணி நேரம் கிடைத்த தமிழோடு நின்றுபோய், வேலைக்கு வந்தபின் தாமாகவே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். வரியின்மேல் விரலை வைத்து நகர்த்தித்தான் படிப்பார். இருநூறு பக்க நாவலை முடிக்க அவருக்கு ஏழு வாரம் ஆயிற்று. முடித்த அன்று என்னிடம் வந்து, அந்த நாவலில் வரும் பாட்டி தம் பாட்டியைப் போலவே பேசுகிறார் என்று மட்டும் சொன்னார். நான் பார்த்தவரையில் அந்த ஆண்டு வட்டத்தில் எந்த நூலைப் பற்றியும் சொல்லப்பட்ட மிகச் சிறந்த விமர்சனம் அதுதான். அது படிக்கட்டில் சொல்லப்பட்டதால் உங்கள் கணக்கில் வரவில்லை. அவரிடம் நூறு சொல் எழுதித் தா, இல்லையேல் நூல் இல்லை என்று சொல்கிறீர்கள்.

வாசலருகே மேசையில் கிடக்கும் இரவல் பதிவேட்டைச் சுற்றறிக்கை வந்த பிறகு நான் உட்கார்ந்து பார்த்தேன். சென்ற ஆண்டு பத்து நூலுக்கு மேல் எடுத்துப் படித்தவர்கள் 12 பேர். அவர்களில் 9 பேர் உங்கள் நீக்கப் பட்டியலில் இருக்கிறார்கள். மேடையில் மாதந்தோறும் பேசும் சிலரின் பெயர் அந்த ஆண்டு முழுவதும் பதிவேட்டில் ஒரு முறைகூட இல்லை. அவர்கள் சொந்தமாக வாங்கிப் படித்திருக்கலாம். நான் அதற்குள் போகவில்லை. ஆனால் ‘செயல்படாத’ என்ற சொல்லை எவருக்குச் சூட்டுகிறோம் என்பதை இந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒரு முறை யோசித்திருக்க வேண்டும்.

பதிவேட்டில் இல்லாத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் அலமாரியில் உள்ள ஒரு சிறுகதைத் தொகுப்பில், ஒரு கதையின் கடைசிப் பத்திக்கு அருகில் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே, வேறு கை போட்ட இன்னொரு கோடு. அதற்கும் கீழே ஒரு சின்னப் புள்ளி. அதைப் போட்டவர் முந்திய இருவரையும் பார்த்துவிட்டு, நானும் இங்கே நின்றேன் என்று சொல்வதுபோல் மிகக் கவனமாகப் போட்டிருக்கிறார். அதே நூலுக்குள் ஒரு பழைய ரேபிட் பினாங்கு பேருந்துச் சீட்டு அடையாளமாக வைக்கப்பட்டு அப்படியே கிடக்கிறது. நூலில் கோடு போடக் கூடாது என்பது நம் வட்டத்தின் விதி. அந்த இரண்டாம் கோடு என்னுடையது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அபராதம் எவ்வளவு என்று சொன்னால் கட்டிவிடுகிறேன்.

படித்தவர் பேசித்தான் ஆக வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் பிறந்த தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், நாளிதழ் ஒன்றே ஒன்றுதான் வரும். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த நான் அதைப் பொழுது சாய்ந்ததும் எங்கள் வீட்டு முன்புற நடையான அஞ்சடியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன்; பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். தொடர்கதை ஒன்றில் ஒரு பெண் பிள்ளை பெற்று இறந்துபோன வாரம், அடுத்த வீட்டுக் கிழவி எழுந்து போய்த் தம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை என்று மறுநாள் அவர் மருமகள் சொன்னார். அந்தக் கிழவிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவர் கதையாசிரியருக்கு ஒரு வரியும் எழுதவில்லை, எங்களிடமும் ஒரு கருத்தும் சொல்லவில்லை. அவரை நீங்கள் எந்தப் பட்டியலில் வைப்பீர்கள்?

நம் முன்னோர் வைத்த பட்டியல் வேறு. இறையனார் களவியல் என்னும் பழைய அகப்பொருள் இலக்கண நூலுக்கு உரை கண்ட கதையை நம் வட்டத்தில் பலர் மேடையில் சொல்லியிருக்கிறார்கள். சொல்லும்போதெல்லாம் நக்கீரரைப் பற்றியே சொல்கிறார்கள். சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் ஆளுக்கொரு உரை எழுதி, எது மெய்யுரை என்று முடிவு செய்ய முடியாமல் நின்றபோது, தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்பட்டவன் உருத்திரசன்மன் என்ற ஐந்து வயதுப் பிள்ளை, அவன் ஊமை. ஒவ்வொருவராக உரையைப் படித்தார்கள். மற்றவர் உரைக்கு அவன் சும்மா இருந்தான். மருதனிளநாகனார் உரைக்குச் சில இடங்களில் கண்ணீர் வார்த்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். நக்கீரர் உரைக்குப் பதந்தோறும் கண்ணீர் வார்த்தான். அதையே தீர்ப்பாகச் சங்கம் ஏற்றுக்கொண்டது. அந்தப் பிள்ளை நம் வட்டத்தில் உறுப்பினராக இருந்திருந்தால் ஜூலை முதல் நாள் அவனுக்கும் கடிதம் போயிருக்கும்.

தமிழ் நேசன் நின்றுபோனதற்கு நாம் நடத்திய இரங்கல் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். 1924-இல் கோலாலம்பூரில் தொடங்கிய நாளிதழ், 2019 ஜனவரி 31-ஆம் நாளோடு நின்றது. அன்று பேசிய ஐவரில் நால்வர், வாசகர்களின் அலட்சியத்தைக் குறைசொன்னார்கள். ஒரு நாளிதழ் நிற்பதற்கு என்னென்ன காரணங்கள் உண்டோ, அவற்றை எல்லாம் அலசும் அறிவு எனக்கில்லை. ஆனால் எங்கள் லயத்துக்கு வந்த அந்த ஒற்றை இதழ் விற்பனைக் கணக்கில் ஒரு பிரதி. எங்கள் அஞ்சடியில் அது பன்னிரண்டு பேர். சிங்கப்பூர் இதழாசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று தமது தமிழ் முரசு நாளிதழின் வழியாக நிதி திரட்டியபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் தொடங்கிய இந்திய இயல் துறையின் நூலகத்துக்காகக் கொடுத்தவர்களிலும் இப்படிப்பட்டவர்கள் நிறைய இருந்திருப்பார்கள். அவர்களிடம் யாரும் விமர்சனம் கேட்கவில்லை.

இணையத்தில் கூடும் குழுக்களைப் பற்றி யாக்கோப் நீல்சன் என்ற இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் 2006-இல் எழுதிய கணக்கு ஒன்றை என் மகன் எனக்குக் காட்டினான். நூறு பேர் உள்ள இடத்தில் ஏறத்தாழ 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுகிறார்கள், மிச்சம் ஒருவர்தான் பெரும்பாலானவற்றை எழுதிக் குவிக்கிறார் என்பது அந்தக் கணக்கு. நம் வட்டத்தில் உறுப்பினர்கள் 43 பேர். அவர்களுள் பேசாதவர்கள் 17 பேர்தான். அப்படிப் பார்த்தால் நாம் உலக வழக்கத்துக்கு மிஞ்சிய வாயாடிகள். செயலவை எதற்காகக் கவலைப்படுகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

இல்லை, ஓரளவு விளங்குகிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மூத்த எழுத்தாளர் ஒருவர் கோலாலம்பூரிலிருந்து ரயிலேறி நம் சந்திப்புக்கு வந்தார். ஒரு மணி நேரம் பேசினார். பிறகு, “கேள்வி ஏதேனும் இருந்தால் கேட்கலாம்” என்று சொல்லிவிட்டு ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபடி நின்றார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் முகம் மெல்ல மெல்ல மாறியதை நான் மூன்றாம் வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய அந்தத் தொகுப்பை நான் மூன்று முறை படித்திருந்தேன்; கேட்க வேண்டிய கேள்வியை மளிகைக்கடை ரசீதின் பின்புறம் எழுதி உள்ளங்கையில் மடித்து வைத்திருந்தேன். எழவில்லை. அவர் நன்றி சொல்லி உட்கார்ந்தார். இரண்டாண்டுக்குப் பின் அவர் மறைந்த செய்தியை நாளிதழில் படித்தேன். அந்த ரசீது என் அலமாரியில், அவர் நூலுக்குள் இருக்கிறது, மை வெளுத்துவிட்டது. எழுதுகிறவருக்கு ஒரு சொல் தேவைப்படுகிறது என்பதை எனக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பிச் சொல்லித்தர வேண்டியதில்லை. செயலவையின் வருத்தம் நியாயமானது. அதற்குக் கண்டுபிடித்த வழிதான் கொடுமையானது.

அந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தெரிந்துவிட்டது. சுற்றறிக்கை வந்த பதினைந்து நாளில் வட்டத்தின் வாட்ஸாப் குழுவில் 11 விமர்சனங்கள் வந்து விழுந்தன. அவற்றுள் நான்கு, பின்னட்டையில் இருக்கும் வாசகங்களைச் சொல் மாற்றி எழுதியவை. இரண்டில் ‘காலத்தின் கண்ணாடி’ என்ற தொடர் இருந்தது. அவை இரண்டும் வெவ்வேறு நூல்களைப் பற்றியவை. ஒருவர் நான்காம் அத்தியாயத்தில் இறந்துபோகும் பாத்திரம் முடிவில் மனம் திருந்துவதைப் பாராட்டியிருந்தார். இவர்கள் யாரையும் நான் குறைசொல்லவில்லை. நூல் கிடைக்காமல் போய்விடுமே என்ற பயத்தில் எழுதுகிறார்கள். ஆனால் மறைந்த அந்த எழுத்தாளர் இவற்றைப் படித்திருந்தால், அன்றைக்குக் கேட்ட மின்விசிறிச் சத்தமே மேல் என்று நினைத்திருப்பார்.

முறை பற்றியும் ஒரு சொல். நம் வட்டம் 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற அமைப்பு. உறுப்பியத்தைப் பற்றிய சட்டவிதியை மாற்றுவதென்றால் பொதுக்கூட்டத்தில் வைத்து நிறைவேற்றிச் சங்கப் பதிவிலாகாவின் ஒப்புதலையும் பெற வேண்டும். ஆண்டுச் சந்தாவைக் கட்டி முடித்த 17 பேரைச் செயலவைத் தீர்மானம் ஒன்றால் வெளியே நிறுத்த முடியாது. இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. தெரியாமல் செய்திருப்பீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நான் கேட்பவை இவை. ஜூன் மாதச் சந்திப்புக்கு முன் அந்தச் சுற்றறிக்கையை எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும். பட்டியலில் இருந்த 17 பேருக்கும் தனித்தனியாக அது தெரிவிக்கப்பட வேண்டும். வாசலில் ஒட்டிவிட்டுப் போவது போதாது, ஏனென்றால் அவர்களுள் நால்வர் சென்ற சந்திப்புக்கே வரவில்லை, இனி வரவும் தயங்குவார்கள். இரவல் நூலுக்கும் பேச்சுக்கும் முடிச்சுப் போடுவதை அடியோடு விட்டுவிட வேண்டும். நூலைப் பத்திரமாகத் திருப்பித் தருகிறாரா என்பது ஒன்றே நூலகத்துக்குப் போதும்.

சந்திப்பில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தி உச்சரிப்பைத் திருத்தும் வழக்கத்துக்கு நெறியாளர் இடம் தரக் கூடாது. இதை நீங்கள் விதியாக எழுதினாலும் சரி, எழுதாமல் நடந்துகொண்டாலும் சரி.

இரவல் பதிவேட்டுக்குப் பக்கத்தில் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை வையுங்கள். எழுத விரும்புகிறவர் பெயரோடோ பெயரில்லாமலோ, ஒரு வரியோ ஒரு சொல்லோ எழுதட்டும். எழுத்துப்பிழையை யாரும் சிவப்பு மையால் சுழிக்க வேண்டாம். எழுதாதவர் எழுதாமலே போகட்டும். ஆண்டுக்கு இரு முறை அந்தப் பக்கங்களை நகலெடுத்து, அந்தந்த எழுத்தாளருக்கு அனுப்பி வையுங்கள். அஞ்சல் செலவை நான் தருகிறேன். முதல் பக்கத்தில் என்ன எழுதப் போகிறேன் என்று எனக்குத் தெரியும். அது மறைந்த ஒருவரிடம் கேட்காமல் விட்ட கேள்வி, அதை அவர் குடும்பத்தாருக்கு அனுப்ப முடியுமா என்று பாருங்கள்.

இவற்றுள் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுப்பதற்குக் காரணம் என்ன என்பதை எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்னிடம் வட்டத்தின் நூல்கள் இரண்டு இருக்கின்றன. ஜூன் மாதம் இரண்டாம் ஞாயிறு நான்கு மணிக்கு அவற்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, மூன்றாவது நூல் ஒன்றை எடுத்துப் பதிவேட்டில் என் பெயரை எழுதுவேன். ஜூலையிலும் வருவேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வரிசை உறுப்பினர்,
பட்டர்வொர்த்.